எங்கள் வீட்டு ஊறல்

சென்ற ஆண்டு நமது சங்க இதழின் மணமாலைப் பகுதிக்கு என் மகளுக்காக ஒரு விளம்பரம் எழுதிக் கொடுத்தேன். வயது, நட்சத்திரம், உயரம், படிப்பு எல்லாம் உள்ளபடியே எழுதினேன். 'பணி' என்ற இடத்தில் மட்டும் 'உணவுத் தொழில்நுட்பத் துறை, தனியார் நிறுவனம்' என்று எழுதினேன். பொய் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் எழுதும்போது என் பேனா கொஞ்சம் தயங்கியது எனக்குத் தெரியும்.

இதழ் வந்த அன்று மாலை அவள் அதைப் படித்தாள். "அப்பா, நான் பீர் செய்யறவ. அத எழுத உங்களுக்கு வெக்கமா இருந்தா விளம்பரமே வேண்டாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

திருத்தம் போடச் சொல்லி ஆசிரியரிடம் போனேன். காரணம் கேட்டார், சொன்னேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, "ஒரு வரித் திருத்தம் போட்டால் நாலு பேர் சிரிப்பார்கள். முழுக்கதையையும் கட்டுரையாக எழுதிக் கொடுங்களேன், படிப்பார்கள்" என்றார். அதனால்தான் அன்பர்களே, இந்தக் கட்டுரை. குடியை ஆதரித்து எழுதியது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். எனக்கு இன்றுவரை அந்தப் பழக்கம் கிடையாது, இனிமேலும் வரப்போவதில்லை.

எங்கள் பூர்வீகம் சேலம் மாவட்டம். 1937 அக்டோபர் முதல் தேதி ராஜாஜி அவர்கள் சென்னை மாகாணத்திலேயே முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தது எங்கள் மாவட்டத்தில்தான். என் தாய்வழிப் பாட்டனார் கள்ளுக்கடைக்கு வாடிக்கைக்காரர். கடை மூடிய பிறகுதான் அவருடைய வாரக்கூலி முழுசாக வீடு வந்து சேர்ந்தது என்று என் பாட்டி சொல்லிச் சொல்லி, அதை என் அம்மா கேட்டுக் கேட்டு, அந்தக் கதை எங்கள் வீட்டில் கிட்டத்தட்ட ஒரு புராணமாகவே ஆகிவிட்டது. அப்போது அம்மாவுக்கு ஐந்து வயது.

நான் 1979இல் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து பெங்களூர் வந்தேன். அல்சூரில் ஒரு வத்தாரத்தில் குடியிருந்தேன். வந்த இரண்டாவது வருடம், 1981 ஜூலையில், மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து இந்த ஊரில் 300க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பழைய அன்பர்களுக்கு அந்த நாட்கள் நினைவிருக்கும். மருத்துவமனை வாசலில் பெண்கள் மண்ணில் புரண்டு அழுததை நான் பார்த்திருக்கிறேன். இந்த இரண்டும், அதாவது சேலத்துக் கதையும் 1981ஆம் வருடமும், மனதில் இருக்கும் ஒருவன் வீட்டில்தான் என் மகள் பீர் செய்யக் கற்றுக்கொண்டாள்.

ஆரம்பம் இட்லி மாவுதான். வெளிமாநிலத்தில், அதிலும் பெங்களூரில், குடித்தனம் செய்யும் தமிழ்ப் பெண்களுக்கு மார்கழி மாதத்து மாவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சேலத்தில் இரவு அரைத்தால் காலையில் பாத்திரத்தை விட்டு வழியும் மாவு, இங்கே மறுநாள் மதியம்வரை கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கும். குளிர்காலத்தில் எங்களோடு இருக்க வந்த என் அம்மா இதற்காக பெங்களூரையே திட்டுவார். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த என் மகள் இதை ஒரு ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டாள். ஒரு கிண்ணம் பிரிட்ஜுக்குப் பின்னால், ஒன்று வெந்நீர் ஊற்றிய காசரோலுக்குள், ஒன்று சும்மா மேடையில். இரண்டு மணிக்கு ஒரு தரம் வெப்பநிலை, மாவின் உயரம், புளிப்புக்கு ஒரு லிட்மஸ் மாதிரியான காகிதம். ஒரு நாற்பது பக்க நோட்டு நிறைந்துவிட்டது. மாவைப் பொங்க வைப்பது லியூகோநாஸ்டாக் என்ற நுண்ணுயிர் என்று ஒரு நாள் சாப்பாட்டின்போது அறிவித்தாள். அம்மாவுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. ஆனால் மாவு பொங்கியது.

2012இல் பி.எஸ்ஸி. நுண்ணுயிரியல் சேர்ந்தாள். அதன்பின் வீட்டில் எந்த ஜாடியைத் திறக்கவும் எங்களுக்குப் பயம். இஞ்சியையும் சர்க்கரையையும் ஊறவைத்து ஒரு பானம் செய்தாள். குடிக்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு முறை சர்க்கரையைக் கூடுதலாகப் போட்டு பாட்டிலை இறுக மூடிவிட்டாள் போலிருக்கிறது. நள்ளிரவில் குண்டு வெடித்தது போல ஒரு சத்தம். அடுக்களை முழுக்கக் கண்ணாடித் துண்டுகள். பகலில் யாராவது பக்கத்தில் நின்றிருந்தால் கண் போயிருக்கும். மூடிய பாட்டிலுக்குள் நொதித்தால் வாயு எங்கே போகும் என்று அன்று அவளுக்குப் பாடம் கிடைத்தது. இதைப் படிக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

அதற்கு அடுத்தது பார்லி. கடையில் வாங்கிய முழு பார்லியை ஊறவைத்து, ஈரத் துணியில் கட்டி முளைவிடச் செய்து, மொட்டை மாடியில் காயவைத்து, தோசைக்கல்லில் இளஞ்சூட்டில் வறுத்தாள். "சத்துமாவுக்கா?" என்று என் மனைவி கேட்டதற்கு "அது மாதிரிதாம்மா" என்று பதில். யாரோ சிநேகிதியின் அண்ணன் வெளிநாட்டிலிருந்து ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைப் பொடித்து உருட்டியதைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். பார்க்க மாட்டுத் தீவனம் போலப் பச்சையாக இருந்தது. ஒரு வாரம் கழித்து இரவில் தண்ணீர்க் குழாய் சொட்டுகிற மாதிரி 'டொப்... டொப்...' என்று ஒரு சத்தம். குழாயெல்லாம் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. கடைசியில் அவளுடைய கட்டிலுக்கு அடியில் ஒரு பெரிய கண்ணாடி ஜாடி. அதன் மூடியிலிருந்து ஒரு ரப்பர் குழாய் ஒரு டம்ளர் தண்ணீருக்குள் போகிறது. அதில் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. நாலு லிட்டர் பீர்.

தமிழ் தினசரிகளில் அடிக்கடி ஒரு தலைப்பு வரும், பார்த்திருப்பீர்கள்: 'சாராய ஊறல் அழிப்பு'. என் கண்ணில் அந்த எழுத்துதான் தெரிந்தது. மறுநாள் காலை சட்டம் தெரிந்த நண்பர் ஒருவரைக் கேட்டேன். 1965ஆம் ஆண்டு கர்நாடக கலால் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். வீட்டுக்கு என்றாலும் அப்படித்தான், நாலு லிட்டர் என்றாலும் அப்படித்தான் என்றார். கடையில் விற்பதற்கே வாங்குகிறவருக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும் என்று விதி இருக்கிற மாநிலத்தில், என் பெண் 20 வயதில் அதைச் செய்தே முடித்திருந்தாள். நான் ஒன்றும் பேசவில்லை. ஜாடியைத் தூக்கிக்கொண்டு போய்க் குளியலறையில் கொட்டினேன். வீடு முழுவதும் ரொட்டிக்கடை வாசனை.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "இத லைசென்ஸ் இருக்கற எடத்துல, படிச்சுட்டு செஞ்சா தப்பில்லயாப்பா?" என்று கேட்டாள். "தப்பில்ல. ஆனா நம்ம வீட்டுப் பொண்ணு அதச் செய்ய வேண்டாம், கண்ணு" என்றேன். அது 2014 ஜூன் மாதம். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் சரியாகப் பேசிக்கொள்ள ஏறக்குறைய ஒரு வருடம் ஆயிற்று.

அந்த ஒரு வருடத்தில் அவள் என்னோடு சண்டை போடவில்லை. அவ்வப்போது என் மேஜைமேல் ஒரு காகிதத்தை வைத்துவிட்டுப் போவாள். என் தொழில் தரக்கட்டுப்பாடு. முப்பத்தைந்து வருடம் உதிரி பாகங்களில் பத்து மாதிரி, பன்னிரண்டு மாதிரி எடுத்து அளந்து, 'ஸ்டூடண்ட் டி' சோதனை போட்டு, முழு லாட்டையும் ஏற்பதா தள்ளுவதா என்று முடிவு செய்தவன் நான். 'ஸ்டூடண்ட்' என்றால் ஏதோ மாணவர்களுக்கான சுலபக் கணக்கு என்றுதான் இத்தனை வருடமும் எண்ணியிருந்தேன். அவள் வைத்த முதல் காகிதத்தில் இருந்த செய்தி இது: அந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர் வில்லியம் கோசெட். ஆக்ஸ்போர்டில் கணிதமும் வேதியியலும் படித்துவிட்டு 1899இல் டப்ளின் நகரத்து கின்னஸ் பீர் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தவர். பார்லியிலும் ஹாப்ஸிலும் கொஞ்சம் மாதிரிகளை வைத்துக்கொண்டு முழுச் சரக்கின் தரத்தையும் எப்படிச் சொல்வது என்பதுதான் அவருடைய பிரச்சினை. ஆலைக்காரர்கள் சொந்தப் பெயரில் எழுத அனுமதிக்காததால் 1908இல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் கட்டுரை வெளியிட்டார். ஆக, முப்பத்தைந்து வருடம் நான் சம்பளம் வாங்கியது ஒரு பீர்க்காரர் போட்ட கணக்கை வைத்து!

அடுத்த காகிதம், அமில காரத் தன்மையை அளக்கும் பி.எச். அளவை 1909இல் தந்த சோரன்சன் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேதியியல் பிரிவுத் தலைவர் என்பது. அதே ஆய்வுக்கூடத்தில்தான் எமில் ஹான்சன் 1883இல் ஈஸ்ட்டை ஒற்றைச் செல்லிலிருந்து தூய வகையாகப் பிரித்து வளர்த்தார். பாஸ்டர் 1876இல் பீரைப் பற்றித் தனியாக ஒரு நூலே எழுதினார் என்பதும் அவள் வைத்த காகிதத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

என் மனைவிக்கு இதெல்லாம் அசைந்து கொடுக்கவில்லை. "வெள்ளக்காரன் செய்வான். நம்ம ஊர்ப் பொண்ணு எவளாவது செஞ்சிருக்காளா?" என்று கேட்டாள். அதற்கும் பதில் இருந்தது. அதுவும் இதே ஊரில்.

பெங்களூருக்கும் பீருக்கும் உள்ள உறவு பழையது. தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவில் இருந்த ஐந்து சிறு ஆலைகளை 1915இல் ஒன்றாக்கி யுனைடெட் புரூவரீஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். தண்டுப் பகுதியில் இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள்தான் முக்கிய வாடிக்கைக்காரர்கள். இன்று விட்டல் மல்லையா சாலையில் யு.பி. சிட்டி என்று கண்ணாடிக் கோபுரங்கள் நிற்கிற இடம் முன்பு அவர்களுடைய ஆலை இருந்த இடம். அந்த நிறுவனத்தின் தலைமைப் புரூமாஸ்டராக, அதாவது பீர் தயாரிப்பின் தலைமைப் பொறுப்பாளராக இருந்தவர் ரசேந்திர மஜும்தார். அவருடைய மகள் 1953இல் இங்கே பிறந்த கிரண். மருத்துவம் படிக்க ஆசைப்பட்டு அது கைகூடாமல், பெங்களூர்ப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தார். 'நீயும் புரூமாஸ்டர் ஆகலாமே' என்ற யோசனையைச் சொன்னவர் தந்தையேதான். 1974இல் ஆஸ்திரேலியாவில் பல்லாரட் கல்லூரிக்குப் போய் மால்ட்டும் பீரும் தயாரிக்கும் படிப்பில் சேர்ந்தார். அந்த வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண். முதலாவதாகத் தேறினார்.

திரும்பி வந்தால் வேலை இல்லை. கல்கத்தாவிலும் பரோடாவிலும் ஆலோசகராகவும் தொழில்நுட்ப மேலாளராகவும் கொஞ்ச காலம் இருந்தார். ஆனால் பெங்களூரிலோ டெல்லியிலோ புரூமாஸ்டர் வேலை கேட்டபோது இது ஆண்கள் வேலை என்று சொல்லிவிட்டார்கள். பிறகு அயர்லாந்துக்காரர் ஒருவரோடு கூட்டு சேர்ந்து, 1978இல் பெங்களூரில் ஒரு வாடகை வீட்டுக் கார் கொட்டகையில், 10,000 ரூபாய் முதலில், பயோகான் இந்தியாவைத் தொடங்கினார். அங்கே முதலில் தயாரித்தது பப்பாளிப் பாலிலிருந்து எடுக்கும் பப்பைன் என்ற நொதியும், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸும். இரண்டுமே பீரின் கலங்கலைப் போக்கித் தெளிய வைக்கப் பயன்படுபவை! கதவைச் சாத்திவிட்ட தொழிலுக்கே பின்வாசல் வழியாகச் சரக்கு அனுப்பியிருக்கிறார். அந்தக் கொட்டகைதான் பின்னால் இன்சுலின் தயாரிக்கும் பயோகான் ஆயிற்று.

என் மகள் இதைச் சொல்லி முடித்துவிட்டு, "அவங்க அப்பா 'படி'ன்னாரு, என் அப்பா ஜாடியக் கொட்டுனாரு" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

இனி படிப்பு விஷயத்துக்கு வருகிறேன். 'எங்கே படிப்பது, யார் சொல்லித் தருவார்கள்' என்று என்னிடம் இரண்டு மூன்று அன்பர்கள் ரகசியமாகக் கேட்டிருப்பதால் இதைக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன். ஸ்காட்லாந்தில் எடின்பரோ ஹெரியட் வாட் பல்கலைக்கழகத்தில் பீர், சாராய வடிப்புக்கென்றே பட்டப் படிப்பு உண்டு. ஜெர்மனியில் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வைஹன்ஸ்டெபான் வளாகமும், பெர்லினில் 1883இல் தொடங்கிய வி.எல்.பி. நிறுவனமும் பேர் பெற்றவை. செலவைக் கேட்டபோது என் சேமநலநிதி முழுவதும் போதாது என்று தெரிந்தது. ஆனால் நம் நாட்டிலேயே இருக்கிறது. புனேவுக்குப் பக்கத்தில் மாஞ்சரியில் வசந்ததாதா சர்க்கரை நிறுவனம். 1975இல் கரும்பு விவசாயிகளின் கூட்டுறவு ஆலைகள் சேர்ந்து தொடங்கியது. கரும்புப் பாகின் கழிவிலிருந்து எரிசாராயம் எடுப்பதில் ஆரம்பித்தவர்கள், வைன், பீர், ஆல்கஹால் தொழில்நுட்பத்தில் எம்.எஸ்ஸி. நடத்துகிறார்கள். கான்பூரில் தேசிய சர்க்கரை நிறுவனத்தில் தொழில்முறை நொதித்தலில் முதுநிலை டிப்ளமா உண்டு. மைசூரில் நம் பக்கத்திலேயே இருக்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் உணவுத் தொழில்நுட்ப எம்.எஸ்ஸி. இருக்கிறது, அது நேராக பீர்ப் படிப்பு அல்ல, ஆனால் அடிப்படை பலமானது. வேலையில் இருந்துகொண்டே எழுதக்கூடிய தேர்வுகளை லண்டனில் உள்ள சார்ட்டர்டு இன்ஸ்டிடியூட் ஆஃப் புரூவர்ஸ் அண்டு டிஸ்டில்லர்ஸ் (முன்பு இன்ஸ்டிடியூட் ஆஃப் புரூயிங் அண்டு டிஸ்டில்லிங்) படிப்படியாக நடத்துகிறது. இவற்றுக்கெல்லாம் வேதியியல், நுண்ணுயிரியல், உயிர்த் தொழில்நுட்பம், வேதிப் பொறியியல் இவற்றில் ஏதாவது ஒரு பட்டம் முதலில் கையில் இருப்பது நல்லது.

படிக்காமலும் வந்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் வீட்டுக்கு பீர் செய்துகொள்ள 1978இல்தான் மத்திய அரசு சட்டத்தில் இடம் கொடுத்தது. கலிபோர்னியாவில் கென் கிராஸ்மன் என்பவர் வீட்டில் செய்து பழகி, அதற்கு வேண்டிய சாமான் கடை வைத்து, பிறகு சியரா நெவாடா என்ற பெரிய ஆலையையே கட்டினார். நம் ஊரில் கைஸ்ட் பீரைத் தொடங்கிய நாராயண் மானேபள்ளியும் ஓரிகன் மாநிலத்தில் இன்டெல் பொறியாளராக இருந்தபோது வீட்டில் பீர் செய்து பழகியவர்தான். ஆனால் அவர்கள் பழகியது சட்டம் அனுமதித்த இடத்தில். இங்கே வீட்டில் பழக வழியில்லை என்கிறபோது, கல்லூரிதான் வழி என்று என் மகள் வாதாடினாள். இந்த இடத்தில் எனக்கு மறுப்புச் சொல்லத் தோன்றவில்லை.

2015இல் புனேயில் சேர்ந்தாள். ரயிலேற்றிவிட்டு வந்த அன்று சேலத்திலிருந்து என் அக்கா தொலைபேசியில், "என்னடா படிக்கப் போயிருக்கா?" என்று கேட்டாள். "சர்க்கரை சம்பந்தமா" என்றேன். இதுவும் பொய் இல்லை. இரண்டு வருடம் இப்படிச் 'சர்க்கரை'யிலேயே ஓட்டினேன்.

படிப்பு முடிந்த நேரம் நன்றாக இருந்தது. கர்நாடக அரசு உணவகத்திலேயே பீர் தயாரித்து அங்கேயே விற்கும் சிற்றாலைகளுக்கு இடம் கொடுத்த பிறகு, 2010இல் இந்திரா நகரில் டாய்ட், 2011இல் தி பியர் கிளப், 2012இல் ஆர்பர், ஒயிட்ஃபீல்டில் விண்ட்மில்ஸ் என்று வரிசையாகத் திறந்துவிட்டார்கள். 2017இல் அப்படி ஒரு சிற்றாலையில் அவளுக்கு உதவியாளர் வேலை கிடைத்தது. அவளோடு பி.எஸ்ஸி. படித்துவிட்டு மென்பொருள் கம்பெனிக்குப் போன பெண் வாங்கிய சம்பளத்தில் பாதிகூட இல்லை. முதல் ஆறு மாதம் கழுவுகிற வேலைதான். "நாங்க பீர் செய்யறதில்லப்பா, தண்ணியும் காஸ்டிக் சோடாவும் போட்டுத் தொட்டி கழுவறோம். பீரை ஈஸ்ட் செஞ்சுக்குது" என்பாள். 25 கிலோ மால்ட் மூட்டையைத் தூக்கிக் கை காய்த்துப் போயிருந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் கையைப் பார்ப்பார்களே என்று என் மனைவிக்குக் கவலை.

நான் அங்கே முதன்முறையாகப் போனது 2018இல், காலை ஏழு மணிக்கு. வாடிக்கையாளர்கள் இல்லாத நேரத்தில்தான் வருவேன் என்று நிபந்தனை போட்டிருந்தேன். உள்ளே நுழைந்ததும் மது வாடை அடிக்கும் என்று மூக்கைத் தயாராக வைத்துக்கொண்டு போனேன். கேழ்வரகுக் கஞ்சி கொதிக்கிற வாசனைதான் வந்தது. இடித்த மால்ட்டை வெந்நீரில் கலந்து 65 டிகிரியில் ஒரு மணி நேரம் நிறுத்துகிறார்கள். முளைவிட்ட தானியத்திலேயே இருக்கும் நொதி, மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகிறது. சூடு நாலைந்து டிகிரி ஏறினால் பீர் கனத்துப் போகும். இறங்கினால் வறண்டு போகும். ஒரு பீங்கான் தட்டில் துளி கூழ், அதில் ஒரு சொட்டு அயோடின். நீலமானால் மாவுச்சத்து பாக்கி; நிறம் மாறாவிட்டால் சரி. பள்ளியில் உருளைக்கிழங்கில் செய்த அதே சோதனை! பிறகு சாற்றை வடித்து, ஹாப்ஸ் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, சட்டென்று ஆறவைத்து ஈஸ்ட் சேர்க்கிறார்கள். பாலில் தண்ணீர் பார்க்கும் லாக்டோமீட்டர் போல ஒன்றை மிதக்கவிட்டு 1.050 என்று எழுதினாள். நொதித்து முடிந்தால் அது 1.012க்கு இறங்குமாம். அந்த வித்தியாசத்தை 131ஆல் பெருக்கினால் சாராயச் சத்து ஏறக்குறைய 5 சதவீதம். சுவரில் ஒரு கட்டுப்பாட்டு வரைபடம் தொங்கியது. மேல் எல்லை, கீழ் எல்லை, நடுக்கோடு, ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு புள்ளி. என் பழைய தொழிற்சாலையில் என் கையாலேயே ஆயிரம் வரைந்திருப்பேன். அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

"மெத்தனால்?" என்று கேட்டேன். அந்தக் கேள்வி 37 வருடமாக உள்ளே இருந்தது. தானியம் நொதிக்கும்போது ஆபத்தான அளவுக்கு அது உண்டாவதில்லை, ஆட்கள் செத்ததெல்லாம் தொழிற்சாலைக்கான மெத்தனாலை வெளியிலிருந்து வாங்கிக் கலந்ததால் என்று சொன்னாள். 2024இல் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டவர்கள் போனபோது, தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அவள் மறுபடியும் அதையே விளக்கினாள். குரல் மட்டும் வேறு மாதிரி இருந்தது.

சேலத்தில் என் அம்மாவிடம் மட்டும் அவள் ஒளிக்கவில்லை. 2018 தீபாவளிக்குப் போனபோது ஒரு பொட்டலம் மால்ட்டைக் கொடுத்து மென்று பார்க்கச் சொன்னாள். பல்லில்லாத வாயில் அம்மா அதை நெடுநேரம் குதப்பினார். "மொளகட்டுன கம்பு மாதிரி இனிக்குது. இதத்தான் ஊறப்போடறியா?" என்றார். "ஆமாம் ஆயா." நான் வெளியே போய்விடலாமா என்று பார்த்தேன். அம்மா கேட்டது இதுதான்: "எங்கப்பன் மாதிரி எவனாவது சம்பளத்தக் கொண்டாந்து உங்கடையில கொட்டுனா என்ன பண்ணுவ?"

அவள் உடனே பதில் சொல்லவில்லை. "அப்படி வர்றவங்க இருக்காங்க ஆயா. நாங்க ஊத்தறத நிறுத்திருவோம். ஆனா அவங்க வேற கடைக்குப் போவாங்க" என்றாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மிச்சப் பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டார். 2021இல் காலமானார். கடைசிவரை இதைப் பற்றி நல்லதென்றோ கெட்டதென்றோ என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

நடுவில் ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். நம்மவர்களுக்கு இது புதிதல்ல என்று என் மகள் வாதிடுவாள். பெரும்பாணாற்றுப்படையில் அரிசிக் கூழை ஆறவைத்து, நெல்முளை சேர்த்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டுப் பிழிந்தெடுத்த மதுவின் செய்முறை இருக்கிறது. உரையோடு படித்துப் பார்த்தேன், இருக்கத்தான் இருக்கிறது. முளைவிட்ட தானியத்தின் நொதியைப் பயன்படுத்தும் அதே முறை. நம் சங்கத்தின் இலக்கிய வட்டத்தில் எத்தனையோ முறை பாணாற்றுப்படைகளைப் பற்றிப் பேசியிருக்கிறோம். இந்த இடத்தை மட்டும் எல்லோரும் எப்படியோ வேகமாகக் கடந்துவிடுவோம்.

2020 ஊரடங்கின்போது ஆலை மூடிக் கிடந்தது. தொட்டியில் இருந்த பீர் கெட்டுப்போகும் நிலை. ஒரு நாள் அனுமதி வாங்கிக்கொண்டு போய்த் திறந்துவிட்டு வந்தாள். மாலையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நீங்க அன்னிக்குக் கொட்டுனது நாலு லிட்டர்ப்பா. இன்னிக்கு நான் ரெண்டாயிரம் லிட்டர் கொட்டிட்டு வர்றேன்" என்றாள். ஜாடியைக் கொட்டியபோது வராத அழுகை அன்று வந்தது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. காப்பி போட்டுக் கொடுத்தேன்.

இப்போது அவள் அந்த வேலையில் தலைமைப் பொறுப்பில் இருக்கிறாள். லண்டன் தேர்வுகளில் இரண்டு கட்டம் முடித்திருக்கிறாள். வேறு ஆலைகளிலும் பெண்கள் இருக்கிறார்கள். கிரண் மஜும்தாருக்குச் சொன்ன பதிலை இப்போது யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. அவள் குடிப்பாளா என்று கேட்பீர்கள். சமைக்கிறவர்கள் உப்புப் பார்க்கிற அளவுக்கு என்பது அவள் பதில். நான் நம்புகிறேன். சாறு இறக்கிய சக்கையை மாட்டுக்காரர் ஒருவர் வாரம் மூன்று முறை வந்து எடுத்துப் போகிறார். அதில் கொஞ்சம் காயவைத்து அரைத்து என் மனைவி அடை வார்க்கிறாள். நன்றாக இருக்கிறது, நார்தான் கொஞ்சம் அதிகம்.

திருத்திய விளம்பரம் இந்த இதழின் மணமாலைப் பக்கத்தில் இருக்கிறது. பணி: புரூவர் (பீர் தயாரிப்பு), பெங்களூர். முதல் விளம்பரத்துக்கு ஏழு வீட்டிலிருந்து பேசினார்கள். அந்த ஏழு பேருக்கும் நானே தொலைபேசியில் கூப்பிட்டு உள்ளதைச் சொல்லிவிட்டேன். ஐந்து பேர் மரியாதையாக ஜாதகத்தைத் திருப்பிக் கேட்டார்கள். ஒருவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். மற்றொரு வீட்டில் பையனே தொலைபேசியை வாங்கி, 65 டிகிரியில் எதற்காக நிறுத்துகிறார்கள் என்று கேட்டான். எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். மீதியை அவளிடமே கேட்டுக்கொள்ளச் சொல்லி, மாலை ஆறு மணிக்குமேல் கூப்பிடச் சொன்னேன்; பகலில் அவள் தொட்டி கழுவிக்கொண்டிருப்பாள்.